காத்திருப்பவனின் ஆட்டம்

நம்மிடையே நாவலுக்கு விமர்சனம் உண்டு. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் சங்கீதத்துக்கும் உண்டு. விளையாட்டுக்குக் கிடையாது. யார் ஜெயித்தான், யார் தோற்றான் என்று எழுதுவதோடு சரி. ஓர் ஆட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் என்ன நயம், யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. கதை படிக்கிறவர்களைவிடக் கையில் ஒரு பொறியை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள்தான் இன்று எங்கும் கண்ணில் படுகிறார்கள்.

இதை எழுதத் தூண்டியது மைக்ரோஸாஃப்ட் கம்பெனி. கையில் எடுத்துப் போகிற விளையாட்டு யந்திரச் சந்தையில் இறங்கலாமா, வேண்டாமா என்று அது வெகுகாலம் யோசித்தது. கூடத்து டெலிவிஷனோடு இணைக்கும் எக்ஸ்பாக்ஸை 2001ல் துணிந்து கொண்டுவந்த கம்பெனிதான். கைப்பொறி விஷயத்தில் மட்டும் தயக்கம். சொந்தப் பொறிக்கு இன்னும் சில வருஷங்கள் ஆகும் என்று அதன் விளையாட்டுப் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த பில் ஸ்பென்ஸர் 2024ல் சொன்னார். 2025 அக்டோபர் 16ந் தேதி ஒன்று வந்தது. அதையும் செய்தது தைவான் நாட்டு ஆஸுஸ் கம்பெனி. மைக்ரோஸாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் என்ற பெயரையும் மென்பொருளையும் தந்தது. இரண்டு தினுசில் உயர்ந்ததற்கு எடை 700 கிராமுக்கு மேல்; அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 1000 டாலர்.

இவ்வளவு பணம் உள்ளவன் ஏன் தயங்க வேண்டும்? இதற்கு எங்கள் தூத்துக்குடிக் கடலில் ஒரு பழைய பதில் கிடக்கிறது.

மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தொலையாயிரம் பார் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் ஒன்று உண்டு. எதிர்க்கரையில் இலங்கைப் பார்கள். அங்கே குளிப்பு நடந்தால் இந்தக் கரைப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் போவார்கள், அரபிகளும் வருவார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. சர்க்கார் பங்கைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது வாங்கியவன் தலையெழுத்து. வியாபாரமா, சூதாட்டமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு காரியம்.

1905ல் இலங்கைப் பக்கம் பிரமாதமான குளிப்பு. சர்க்காருக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் கிடைத்தது. மறுவருஷமே லண்டனில் முதல் திரட்டிய ஒரு கம்பெனி, வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் கொடுப்பதாகச் சொல்லி, அந்தப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. பணம் இருந்தது, விஞ்ஞானமும் இருந்தது. ஹெர்ட்மன் என்ற நிபுணர் 1902லேயே வந்து ஆராய்ந்து, நாற்றுப் போல இளஞ்சிப்பியை இடம் மாற்றி வளர்க்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார். சிப்பிக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை. முதல் இரண்டு வருஷங்களுக்குப் பிறகு குளிப்பே இல்லை. 1912க்குள் கம்பெனி கடையைக் கட்டியது. நல்ல வருஷத்து வரவைப் பார்த்துவிட்டுப் பாரை விலை பேசினார்கள். பாரில் சிப்பி தங்குவது நீரோட்டத்தையும் மணலையும் திருக்கை மீனையும் பொறுத்தது என்பது கணக்குப் புஸ்தகத்தில் ஏறவில்லை. தூத்துக்குடிப் பக்கமும் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

கைப்பொறிச் சந்தையும் ஒரு பார்தான். அங்கே சிப்பி தங்கியது எப்படி என்று பார்க்கலாம். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனியில் குன்பே யோகோய் என்று ஒருவர் இருந்தார். ரயிலில் ஓர் ஆபீஸ்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அதிலிருந்து அவருக்கு எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள். 1980ல் ஒரு சின்னப் பொறி. 1989ல் கேம் பாய். பழசாகி மலிவாகிப்போன தொழில்நுட்பத்தை எடுத்துப் புது மாதிரி உபயோகிப்பது அவர் கொள்கை. கேம் பாயின் திரையில் வர்ணம் கிடையாது. நாலு பாட்டரியில் வெகுநேரம் ஓடும். அதே சமயத்தில் அட்டாரியும் ஸேகாவும் வர்ணத் திரையோடு பொறி செய்தன. ஆறு பாட்டரி, அதையும் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. யோகோயின் சாம்பல் நிறப் பொறிதான் நின்றது. அதுவும் பின்னால் வந்த வர்ணப் பதிப்புமாகச் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

பணக்காரர்கள் இந்தச் சந்தையில் எப்போதும் தோற்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஸோனியின் முதல் கைப்பொறி நன்றாகவே விற்றது, இரண்டாவதுதான் படுத்துவிட்டது. நான் சொல்வது வேறு. கைப்பொறி ஆட்டம் காத்திருப்பவனுடைய கலை. ரயிலுக்கு, முதலாளிக்கு, காற்றுக்குக் காத்திருப்பவன் ஆடுவது. எந்த நிமிஷமும் கீழே வைத்துவிட்டு எழுந்து போகும்படி இருக்க வேண்டும். திரும்பி வந்தால் குறை தோன்றக் கூடாது. நாவலுக்கும் சிறுகதைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி இது. கூடத்து ஆட்டத்தைச் சுருக்கிக் கையில் கொடுத்தால் கைப்பொறி ஆட்டம் ஆகிவிடாது. நாவலின் ஓர் அத்தியாயத்தைக் கிழித்துக் கொடுத்தால் சிறுகதை ஆகிறதா?

தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு இது தெரியும். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போன தோணிகள், காற்று மாறிவிட்டால் மாதக்கணக்கில் கரையில் கிடக்கும். அந்த மாதிரிப் பொழுதுக்கு ஏற்றவை ஆடுபுலி ஆட்டமும் தாயமும். ஒரு கரித்துண்டு, நாலு கூழாங்கல், கொஞ்சம் சோழி போதும். சோழியே ஒரு காலத்தில் மாலத்தீவிலிருந்து இந்தியாவுக்கு மூட்டை மூட்டையாக வந்த சரக்குதான். வீட்டில் பெண்களுக்குப் பல்லாங்குழி. மீன் வடிவத்தில் மடக்கி எடுத்துப் போகும் பலகை உண்டு. பதினாலு குழி, பலகை இல்லாவிட்டால் மணலில் தோண்டிக்கொள்ளலாம். இதைவிட எடை குறைந்த கைப்பொறியை எந்தக் கம்பெனி செய்துவிட முடியும்? ஆனாலும் ஆடுபுலி ஆட்டத்தின் நயத்தைப் பற்றித் தமிழில் நல்ல கட்டுரை ஒன்று நான் படித்ததில்லை. பலத்தில் சமமில்லாத இரண்டு கட்சிகளை ஒரே பலகையில் நிறுத்தி, மூன்று புலியைப் பதினைந்து ஆடு மடக்கலாம் என்று வைத்தவன் சாதாரண ஆள் அல்ல.

நம் காலத்து ஆட்டங்களில் இதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது 1997ல் நோக்கியா டெலிபோனில் வந்த பாம்பு ஆட்டம். டனேலி அர்மாண்டோ என்ற பின்லாந்துக்காரர் அந்த டெலிபோனுக்காக எழுதியது. பாம்பு இரையைத் தின்னத் தின்ன நீளும். நீண்ட உடம்பே அதற்கு வழிமறிக்கும். கடைசியில் தன்னையே கடித்துச் சாகும். வேறு எதிரி வேண்டியதில்லை. துன்பியல் நாடகத்தை இதைவிடச் சுருக்கிச் சொல்ல முடியுமா? வேடிக்கை என்னவென்றால், அதே நோக்கியா 2003ல் விளையாட்டுக்கென்றே என்-கேஜ் என்று ஒரு பொறி செய்தது. ஆட்டத்தை மாற்ற வேண்டுமானால் பாட்டரியைக் கழற்ற வேண்டும்; பேச வேண்டுமானால் பொறியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். ஊர் சிரித்தது. கேட்காமலே கிடைத்த முத்தை வைத்துக்கொண்டு, பாரையே விலைக்கு வாங்கப் போன கதை.

நோக்கியாவின் டெலிபோன் வியாபாரத்தை 2014 ஏப்ரலில் வாங்கியது மைக்ரோஸாஃப்ட்தான். வரித் தகராறு காரணமாக நம் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை மட்டும் அந்தக் கிரயத்தில் சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் முதல் தேதி அங்கே வேலை நின்றது. லட்சக்கணக்கில் டெலிபோன்களைச் செய்து அனுப்பிய பெண்களும் பையன்களும் வீட்டுக்குப் போனார்கள். மறுவருஷம் மைக்ரோஸாஃப்ட் அந்த வியாபாரத்துக்காக 760 கோடி டாலரை நஷ்டம் என்று எழுதித் தள்ளியது. எழுதித் தள்ள அதனால் முடியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்ணால் முடியாது.

நாம் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, நம்மவர்களின் சும்மா இருக்கும் நேரத்தை வேறு ஆட்கள் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். மலிவு டெலிபோனில் பணம் கட்டி ஆடும் ரம்மி வந்தது. கடன்பட்டவர்களும் உயிரை விட்டவர்களும் செய்தி ஆனார்கள். தமிழ்நாட்டில் 2022ல் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை போட்டது. சட்டம் நல்லதுதான். ஆனால் தடை போட்ட இடத்தில் என்ன ஆடுவது என்று சட்டம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் ஆட்டம் செய்கிறவர்களும், அதை எடைபோடுகிற விமர்சகர்களும். முதல் கூட்டம் நம்மிடம் சிறிது. இரண்டாவது அநேகமாக இல்லை.

மைக்ரோஸாஃப்டுக்கும் ஒரு முறை முத்து கிடைத்திருக்கிறது. பயிற்சிக்கு வந்திருந்த வெஸ் செரி என்ற இளைஞர் எழுதிய ஒற்றை ஆள் சீட்டாட்டத்தை 1990ல் விண்டோஸோடு சேர்த்து அனுப்பினார்கள். உலகத்து ஆபீஸ்களில் மேலதிகாரியின் அழைப்புக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் அதை ஆடினார்கள். காத்திருப்பவனுக்கென்று அளவெடுத்துச் செய்தது போன்ற ஆட்டம்; அந்த இளைஞருக்கு அதற்காகத் தனியாக ஒரு காசும் கிடைக்கவில்லை. புதுப் பொறிக்குள்ளும் விண்டோஸ்தான் ஓடுகிறது. 1000 டாலர் கொடுத்தால் அதிலும் அந்தச் சீட்டை ஆடலாம்.