அன்னபூரணிக்கு அப்பால்: வடகரையின் கப்பற்கட்டுமானம் பற்றிய எழுத்துகள்

விண்வெளிப் பெருங்கதைகளில் கப்பல் கட்டுவதற்கென்றே சில கோள்கள் இருக்கும். 'ஸ்டார் வோர்ஸ்' உலகத்துக் குவாட்டும் கொரெலியாவும் அப்படிப்பட்டவை. அங்கே செல்வம், அதிகாரம், அரசியல் எல்லாம் கப்பற்தளத்தைச் சுற்றியே நடக்கின்றன. கற்பனையாளர்கள் விண்ணில் கொண்டுபோய் வைத்த இந்த அமைப்பு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உண்மையாகவே இருந்தது. வல்வெட்டித்துறை அதன் நடுவம். கிழக்கே பருத்தித்துறை, மேற்கே காங்கேசன்துறை, தீவுப்பக்கத்தில் ஊர்காவற்றுறை, காரைநகர் என்று அதன் கைகள் நீண்டிருந்தன. இந்த உலகைப் பற்றி எழுதப்பட்டவை பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் படிக்கும்போது ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது: எழுதியவர்கள் கப்பலைப் பார்த்தார்கள். அதைக் கட்டிய கைகளையும், கட்ட வைத்த கடல்வணிகத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அரிது.

பழைய சான்றுகளில் முதலில் வைக்கவேண்டியது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் ஊராத்துறைப் பக்கத்தில் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் செம்பாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா இதைப் படித்துப் பதிப்பித்திருக்கிறார். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. மரக்கலம் உடைவதற்கென்று தனிச்சட்டம் வேண்டியிருந்தது என்றால், அந்தத் துறையில் கலங்கள் எவ்வளவு நடமாடியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். 1344-ல் வந்த இபுன் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கடலில் வலிமை மிக்க அரசன் என்று குறிப்பிட்டு, சோழமண்டலக் கரையில் அவனுடைய நூறு கலங்களைத் தாம் கண்டதாக எழுதினார். இரண்டு சான்றும் கலங்களின் போக்குவரத்தைச் சொல்கின்றன. அவை எங்கே, எந்த மரத்தில், யாரால் கட்டப்பட்டன என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை.

கட்டுமானத்தைப் பற்றியே பேசும் தமிழ் நூல் ஒன்று உண்டு. 'கப்பல் சாத்திரம்' என்ற சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-ல் அச்சிட்டது. மரத்தின் தரம், அளவு விகிதம், நன்னிமித்தம், தீநிமித்தம் ஆகியவை அதில் வருகின்றன. எந்த அளவுக்கு ஏரா என்ற அடிமரத்தை வைத்தால் உடையவனுக்கு என்ன பலன் என்று சொல்லும் பகுதிகளைச் சோதிடம் என்று பலர் தள்ளிவிட்டார்கள். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. காகித வரைபடம் இல்லாத தொழிலில், விகிதத்தை மனத்தில் நிறுத்த அந்தப் பலன்களே துணையாக இருந்திருக்கும். நூலைத் தச்சனின் கண்ணோடு திரும்பப் படிக்கவேண்டும். வடகரையில் எஞ்சியிருக்கும் வாய்மொழி அளவுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல ஆய்வுக்குரிய வேலை.

காலனிய காலத்தில் இந்தக் கலங்களை உற்றுப் பார்த்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். மன்னார் முத்துக்குளிப்பு ஆய்வுக்காக இலங்கை வந்து, பின்பு சென்னை மாகாண மீன்பிடித் துறையை நடத்தியவர். இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி அவர் 1920-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் துறையின் அடிப்படை. இலங்கையின் கரையோரக் கலங்களைப் பற்றித் தனியாகவும் எழுதினார். யாழ்ப்பாணத் தோணியின் உடற்கட்டில் உள்ளூர் மரபும் ஐரோப்பிய வழக்கமும் கலந்திருப்பதை இத்தகைய எழுத்துகள் எடுத்துக்காட்டுகின்றன. தென்னிலங்கையில் சிங்கள ஆய்வாளர்கள் இன்னும் முன்னே போயிருக்கிறார்கள். வினி விதாரண ஓரு, யாத்திரா என்ற கலங்களைப் பற்றி 1992-ல் தனி நூலே எழுதினார். கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சோமசிறி தேவேந்திரா, இலங்கைக் கலங்களின் வரலாற்றைப் பல பதிற்றாண்டுகளாக எழுதினார். யாழ்ப்பாணத் தோணிக்கும் அதில் இடம் கொடுத்தார். யாத்திராக் கலத்தின் மாதிரியுரு ஒன்று தொடந்துவை குமாரகந்த விகாரையில் பாதுகாக்கப்படுகிறது. அதனால்தான் அந்தக் கலத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேச முடிகிறது. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பலுக்கும் அத்தகைய ஆதாரம் வேண்டும்.

தமிழில் இத்துறை பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கப்பலில் வந்து நின்றுவிடுகிறது. அன்னபூரணி. ஊர் நினைவின்படி சுந்தர மேத்திரியார் என்ற தலைமைத் தச்சர் கட்டியது. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி 1931-ல் ஊர் திரும்பிய அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேட் றொபின்சன் இதைக் கண்டு விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரால் 'ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். தண்டையல் (கப்பல் தலைவர்) கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதைச் செங்கடல், சுயஸ், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் வழியாகச் செலுத்தி, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். குளோஸ்ரர் சாமானியத் துறை அல்ல. பாய்க்கப்பலை நன்றாக அறிந்த மீனவர்களின் ஊர். அவர்கள் முன்னால் இந்தக் கப்பல் போய் நின்றது.

இந்தக் கதையைச் சொல்லும் கட்டுரைகளும் விழா மலர்களும் ஏராளம். எல்லாம் பயணத்தின் வீரத்தைச் சொல்கின்றன, சொல்லவும் வேண்டும். ஆனால் வாங்கியவர் யார் என்பதில் உள்ள செய்தியைப் பலர் கடந்துபோகிறார்கள். றொபின்சன் பின்னாளில் மாஸசூசெற்ஸ் மாநிலத்து இப்ஸ்விச்சில் சொந்தமாகக் கப்பற்தளம் நடத்தியவர். கப்பலின் உடலைப் பார்த்தே அதன் நடையை மதிப்பிடத் தெரிந்தவர். அவர் இந்தக் கப்பலைத் தேர்ந்ததே மேத்திரியாரின் கைக்குக் கிடைத்த சான்றிதழ். அன்னபூரணியைத் தனி அதிசயமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது அமெரிக்காவுக்குப் போனதால் பெயர் நிலைத்தது. அதே கரையில், அதே ஓலைக்கொட்டில்களின் கீழ், அதற்கு முன்னே பல தலைமுறைகளாகக் கப்பல்கள் எழுந்துகொண்டிருந்தன.

அந்தக் கொட்டிலுக்குள் என்ன நடந்தது? நல்ல நாள் பார்த்து ஏரா வைப்பார்கள். வங்கு என்ற விலாச்சட்டத்துக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள்; வெட்டி வளைத்த மரத்தைவிட அது உறுதி. வேம்பு, இலுப்பை, பூவரசு, புன்னை என்று எது எந்த இடத்துக்கு ஆகும் என்பது மேத்திரியாருக்குத் தெரியும். பலகை இணைப்புகளில் நார் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். பிறகு எண்ணெய் பூச்சு. முடிந்த கப்பலைக் கடலில் இறக்குவது ஊரே கூடி வடம் பிடிக்கும் வேலை, தேர்த்திருவிழாபோல. வரைபடம் ஒன்றும் இல்லை. மகன் தந்தையோடு நின்று கற்றான். ஓடாவிகள் எனப்படும் கப்பற்தச்சர்களின் கையிலும் கண்ணிலும் இருந்த அறிவு அது.

இன்னும் ஆழமாகப் பார்க்கவேண்டிய இடம் மரம் வந்த வழி. சுண்ணாம்புக்கல் மேல் மெல்லிய மண்ணோடு கிடக்கும் குடாநாட்டில் காடு கிடையாது. பெரிய மரம் வன்னியிலிருந்தும், தேக்கு பர்மாவிலிருந்தும் வரவேண்டும். யாழ்ப்பாணத்தார் பனைமரத்தையும் புகையிலையையும் வெளியூருக்கு ஏற்றினார்கள். நாகப்பட்டினம், காக்கிநாடா, அக்கியாப், இரங்கூன் என்று வங்கக்கடல் முழுவதும் ஓடினார்கள். வரும்போது அரிசியும் மரமும் ஓடும் வந்தன. ஒரு கப்பல் கொண்டுவந்த மரத்தில் அடுத்த கப்பல் பிறந்தது. வாடைக்காற்றும் சோழகக்காற்றும் அந்த ஓட்டத்துக்கு நாட்காட்டி. வந்த செல்வம் கோவில்களாகவும் எழுந்தது. வல்வெட்டித்துறைச் சிவன் கோவிலைக் கட்டியெழுப்பிய பெரியதம்பியார் என்ற வேங்கடாசலம்பிள்ளை கப்பல் உடையவர். கோவில் வரலாறு எழுதியவர்கள் இதைச் சொல்கிறார்கள். கடல்வணிக வரலாறு எழுதுபவர்கள் கோவில் கணக்குகளையும் எடுத்துப் படிக்கவேண்டும்.

இந்தச் சுற்று அறுந்தபோது தொழிலும் அறுந்தது. நீராவிக் கப்பல்கள் முன்பே சரக்கைப் பறிக்கத் தொடங்கியிருந்தன. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசியும் தேக்கும் நின்றன. சுதந்திரத்தின் பின் 1948-ன் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், அதுவரை ஓரிரவு ஓட்டமாக இருந்த வேதாரணியத்தை அயல்நாடாக்கின. மேத்திரியார்களின் கை மறக்கவில்லை. அந்தக் கைக்கு வேலை கொடுத்த கடல் மூடப்பட்டது. 'பழந்தொழில் காலமாற்றத்தால் அழிந்தது' என்று ஒரு வரியில் முடிப்பவர்களோடு நான் இங்கே மாறுபடுகிறேன். கேரளத்துப் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் மரபு இன்னும் உயிரோடிருக்கிறது. தூத்துக்குடித் தோணி நீண்டகாலம் கொழும்புக்கும் மாலைதீவுக்கும் ஓடியது. அரபு வணிகரின் கேட்பு பேப்பூரைத் தாங்கியது. வல்வெட்டித்துறைக்கு அப்படியொரு கேட்பு எஞ்சவில்லை.

மரத்துக்குப் பின் வந்த கதை காரைநகரில் நடந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு எழுந்த சீநோர் நிறுவனம் அங்கே பைபர் படகு கட்டியது. குருநகரில் வலை செய்தது. போர் அதை முடக்கியது. சீநோர் பற்றித் திட்ட அறிக்கைகள் உண்டு. அங்கே வேலை செய்தவர்களின் குரலில் எழுதிய நூல்தான் வேண்டும்.

ஈழத்து இலக்கியம் கடலை மறக்கவில்லை. மகாகவியின் 'புதியதொரு வீடு', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' இரண்டும் மீனவர் வாழ்வை அழுத்தமாகச் சொன்னவை. ஆனால் அவை வலையின் கதைகள். உளியின் கதையை எடுத்து ஒரு பெருநாவல் எழுதும் அளவுக்கு இங்கே பொருள் இருக்கிறது: தூரத்துக் காட்டில் மரம், கடன்பட்டு ஏரா வைக்கும் உடையவன், தந்தையின் அளவை மாற்றத் துணியும் மகன், திரும்பாத கப்பலுக்குக் காத்திருக்கும் வீடு. அறிவியற்புனைவு எழுதும் இளையவர்களுக்கும் இதைச் சொல்வேன். கப்பல் கட்டும் கோளைப் படைக்க விரும்பினால் மூலப்பொருள் வல்வெட்டித்துறை இருக்கும் வடமராட்சியிலேயே இருக்கிறது.

2025 மே மாதம் இந்தியக் கடற்படை கார்வாரில் 'கவுண்டின்யா' என்ற தைத்த கப்பலைத் தன்னோடு சேர்த்தது. அசந்தாக் குகை ஓவியம் ஒன்றை வைத்துக்கொண்டு, கேரளத்துத் தச்சர்களின் கையால் அதை மீட்டார்கள். நமக்கு ஓவியத்தைவிடக் கூடுதலான ஆதாரம் இருக்கிறது. தொழிற்சொற்கள் இன்னும் சிலரின் நாவில் உள்ளன. 1981-ல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது போனவை போயின. வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை இன்னும் போகவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் முதிய ஓடாவிகளிடம் அளவுகளையும் சொற்களையும் ஒலிப்பதிவாகவும் வரைபடமாகவும் எடுக்கவேண்டும். வல்வெட்டித்துறையிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள்: கப்பல் கணக்குக் கொப்பி, சரக்குச் சீட்டு, பழைய ஒளிப்படம் எது இருந்தாலும் அதைப் படியெடுத்து 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே, படத்தில் நிற்பவர் யார், கப்பலின் பெயர் என்ன என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுக் கொடுங்கள்.