புல்வெளியும் மீஞ்சூர்க் கிணறும்

எங்கள் கல்லூரிக்கு மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் வரும் மாணவர்கள் பலர். சில ஆண்டுகளுக்கு முன் அடர்த்தி பற்றிய செய்முறை வகுப்புக்கு, அவரவர் வீட்டுக் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். திருவொற்றியூர் மாணவன் கொண்டுவந்த நீர் உப்புக் கரித்தது. அது எதிர்பார்த்ததுதான், அவன் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஆனால் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, நெல் விளைந்த ஊரிலிருந்து வந்த மாணவியின் பாட்டிலும் கரித்தது. “எங்க தாத்தா காலத்துல இந்தத் தண்ணியிலதான் சார் நாத்து விட்டாங்க” என்றாள்.

அந்தப் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டுதான், உலகப் புகழ் பெற்ற ஒரு கட்டுரையை இங்கே விமர்சிக்கப் போகிறேன். 1968 டிசம்பரில் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதியது அது. ‘பொதுவளத்தின் அவலம்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். சுற்றுச்சூழல் பாடம் படித்தவர்கள் அதன் சாரத்தையாவது கேட்டிருப்பீர்கள். ஊருக்குப் பொதுவான ஒரு புல்வெளி. அதில் ஒருவன் கூடுதலாக ஒரு மாட்டை விட்டால் லாபம் முழுவதும் அவனுக்கு. புல் குறைவதன் நட்டமோ எல்லார் தலையிலும் பங்காக விழுகிறது. ஆகவே ஒவ்வொருவனும் மேலும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று விட்டுக்கொண்டே போவான். முடிவில் புல்வெளியே அழியும். உவமை ஹார்டினுடைய சொந்தச் சரக்கு அல்ல. 1833-இல் வில்லியம் லாயிட் என்ற ஆங்கிலேயர் சொன்னது. மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றிப் பேசவே ஹார்டின் அதை எடுத்தாண்டார். ஆனால் பிற்காலத்தில் மீன்வளம், காடு, ஏழை நாடுகளின் பாசன நீர் என எதைப் பற்றி எழுதினாலும் இந்தப் புல்வெளியை இழுத்து வருவது வழக்கமாகிவிட்டது. ‘பொதுச் சொத்து என்றால் பாழ், தனியாருக்குக் கொடு, அல்லது அரசு எடுத்துக்கொள்’ என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம் என்று பலர் சொல்கிறார்கள்.

கணக்கு என்ற அளவில் ஹார்டினிடம் குற்றம் காண முடியாது. அந்தக் கணக்கு மீஞ்சூருக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

முதலில் நிலத்துக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றே கனமானது. ஒரு கன மீட்டர் நன்னீர் 1000 கிலோ என்றால் கடல்நீர் சுமார் 1025 கிலோ. 41 மீட்டர் உயர நன்னீர்க் கம்பமும் 40 மீட்டர் உயரக் கடல்நீர்க் கம்பமும் சம அழுத்தம் தரும். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 41,000 வரும். ஆகவே கரையோர நிலத்தில் நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அது தள்ளி நிறுத்தும். அந்த ஒரு மீட்டர் குறைந்தால் கீழே 40 மீட்டர் பறிபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபென், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட விதி இது. களிமண் அடுக்குகளுக்கு இடையே மணல் அடுக்குகள் கிடக்கும் மீஞ்சூர் போன்ற இடத்தில் இது தோராயமாகவே பொருந்தும். ஆனாலும், மேலே சிறிது எடுத்தால் கீழே பெரிதாக இழப்போம் என்ற செய்தி மாறாது. நூறு குடம் நல்ல நீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே குளோரைடு குடிநீருக்கான விரும்பத்தக்க அளவைத் தாண்டிவிடும்.

இனி, எடுத்தவர் யார் என்று பார்ப்போம். ஹார்டினின் புல்வெளியில் இடையர்கள் எல்லாரும் ஒரே உயரம், ஒரே பலம். கொசஸ்தலையாறு, ஆரணியாற்றுப் படுகையில் அப்படி இல்லை. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி, ஆற்று நீரைச் சென்னையின் குடிநீருக்கு மேற்கிலேயே பிடித்துக்கொண்டார்கள். அணைக்குக் கீழே மணலுக்குள் இறங்க வேண்டிய நீரில் அந்த அளவு குறைந்தது. 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வளமான நிலத்தடி நீர் இருப்பதைக் காட்டியது. ஆழ்குழாய்க் கிணறுகள் வரிசையாக இறங்கின. மீஞ்சூர்க் கிணறுகளின் நீர் குழாய் வழியே மணலியின் ஆலைகளுக்குப் போயிற்று. அதே காலத்தில் உழவர்களும் பம்பு செட் போட்டு இரண்டு போகம், மூன்று போகம் நெல் எடுத்தார்கள். உப்பு உள்ளே வரத் தொடங்கியதும் 1960-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. 2000-க்குப் பின் நடந்த ஆய்வுகளின்படி அது கடற்கரையிலிருந்து 10 கிலோமீட்டரையும் தாண்டி வந்திருக்கிறது.

இந்தக் கதையில் ‘யாருக்கும் சொந்தமில்லாத புல்வெளி’ எங்கே இருக்கிறது? நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலச் சொந்தக்காரனுக்கு உண்டு. சட்டத்தின் கண்ணில் அது பட்டாவோடு ஒட்டிய தனி உரிமை. மறுபுறம் அரசுத் துறைகளின் கிணறுகள். தனியுடைமை, அரசுடைமை என ஹார்டினின் சீடர்கள் சொல்லும் இரண்டு மருந்துகளும் அங்கே ஏற்கெனவே ஊட்டப்பட்டிருந்தன. நோயாளி பிழைக்கவில்லை.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். புல்வெளிக் கட்டுரையில் இதற்கு இடமே இல்லை. தரைமேல் வைத்த சாதாரண மோட்டார் பம்பு நீரை ‘இழுக்கிறது’ என்கிறோமே, உண்மையில் காற்றழுத்தம்தான் கீழிருந்து நீரைத் தள்ளுகிறது. அதன் எல்லை 10 மீட்டர் சொச்சம். குழாய் உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆக, நீர்மட்டம் ஏழு மீட்டருக்குக் கீழே இறங்கிய அன்று சிறு விவசாயியின் பம்பு நின்றுவிடுகிறது. வசதி இருந்தால் கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கலாம். அதுவும் போதாதபோது ஆழத்துளை போட்டு சப்மெர்சிபிள் இறக்கலாம். ஒவ்வொரு படிக்கும் கடன். மட்டத்தை இறக்கியவன் ஆழக் குழாய்க்காரன். முதலில் வறண்டது பக்கத்துக் கிணற்றுக்காரனுடையது. நட்டம் எல்லாருக்கும் பங்காக விழுகிறது என்றாரே ஹார்டின், அந்தச் சமப் பங்கு இங்கே இல்லை. 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். நல்ல உதவிதான். ஆனால் இணைப்பு உள்ளவனுக்கே அது உதவி; ஆழத்திலிருந்து அதிகம் இறைப்பவனுக்கு அதிக உதவி.

2000-க்குப் பிந்தைய வறட்சிக் காலங்களில் சென்னைக் குடிநீர் வாரியம் இந்தப் படுகையின் விவசாயக் கிணறுகளிலிருந்து நீரை விலைக்கு வாங்கியது. கிணற்றுக்காரருக்கு நெல்லைவிடத் தண்ணீரே நல்ல விளைச்சல். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குடத்தோடு தெருவில் நின்ற நகரத்து மக்களில் நானும் ஒருவன். ஆனால் வயல் தரிசானால் நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களின் கூலி நின்றுவிடும். தண்ணீர் விற்ற பணத்தில் அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. 1987-இல் வந்த சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கிணறு தோண்டவும் நீரை ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும் என்கிறது. கிணறு இல்லாதவரைப் பற்றி அது என்ன சொல்ல முடியும்?

ஹார்டினுக்கு வலுவான மறுப்பு எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பேராசிரியையிடமிருந்து வந்தது. பொதுவளங்களை மக்களே விதி வகுத்து ஆள்வதைப் பற்றி 1990-இல் புத்தகம் எழுதி, 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அவர் 1965-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் பொருள் என்ன தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்த கதை. நம் மீஞ்சூரின் அக்காள் கதை என்றே சொல்லலாம். அங்கே 1945-இல் வழக்கு தொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான நீர்ப் பயனாளிகள் கட்சிக்காரர்கள். யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்ற கணக்கு எல்லார் பார்வைக்கும் வந்தது. 1955-இல் இறைப்பைக் குறைக்க இடைக்கால ஒப்பந்தம். 1961-இல் இறுதித் தீர்ப்பு. கடற்கரையோரம் கிணறுகள் வழியே நன்னீரை உள்ளே செலுத்தி உப்புக்குத் தடுப்புச்சுவரும் எழுப்பினார்கள். ஹார்டினின் கட்டுரை அச்சேறுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, அதே கலிபோர்னியாவில் அதற்கு மறுப்பு நடந்து முடிந்திருந்தது! பிற்காலத்தில், ‘நிர்வகிக்கப்படாத’ என்ற சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும் என்று ஹார்டினே ஒப்புக்கொண்டார்.

ஆயினும் ஆஸ்ட்ரமின் புத்தகத்தையும் கையைக் கட்டிக்கொண்டு ஏற்க எனக்கு மனமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக்குக் கொலராடோ ஆற்று நீர் நெடுந்தொலைவிலிருந்து வந்து சேர்ந்தது. இறைப்பைக் குறைத்தவர்கள் தாகத்தால் வாடவில்லை. அங்கே பங்கு பிரித்ததும் முன்பு யார் எவ்வளவு இறைத்தார் என்ற அடிப்படையில்தான். அந்த அளவுகோலை மீஞ்சூரில் வைத்தால் ஆழக் குழாய்க்காரனுக்கே பெரிய பங்கு போகும். மேலும், பயனாளிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது அவருடைய முறையின் உயிர். சென்னை நகரமும் மணலி ஆலையும் மீஞ்சூர் உழவரும் நாற்று நடும் பெண்ணும் எந்த மரத்தடியில் உட்காருவது? ஏரிப் பாசனத்தில் மதகைத் திறக்கும் நீர்க்கட்டியை ஊரார் கண்ணால் பார்த்துக் கேள்வி கேட்கலாம். நிலத்தடி நீருக்கு மதகு இல்லை. அளவு காட்டும் மீட்டரும் வேளாண் கிணறுகளில் இல்லை.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். கொடுங்கையூரில் கழிவுநீரை நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் தூய்மையாக்கி, மணலி, எண்ணூர் ஆலைகளுக்குத் தரும் நிலையம் 2019-இல் தொடங்கியது. ஆலைகளின் தாகத்தைக் கிணற்றுப் பக்கமிருந்து திருப்பியதை நான் பெரிதாக மதிக்கிறேன். மீஞ்சூருக்கு அருகில் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரை உப்பு நீக்கி, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலையும் இருக்கிறது. அந்த நீர் நகரத்துக்குப் போகிறது. ஆலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே கடலின் உப்பு ஏறிய கிணறுகள்.

ஹார்டினின் கட்டுரை சில பக்கங்கள்தான். நூலகத்தில் கிடைத்தால் படியுங்கள். படிக்கும்போது ‘இடையன்’ என்று வரும் இடத்திலெல்லாம் யார் பெயரை எழுதலாம் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துப் பாருங்கள். நான் அப்படிக் குறித்த பிரதியில் இரண்டாம் பக்கத்துக்குள்ளேயே ஓரம் போதவில்லை.