எறும்பு எறும்பாகவே இருக்கட்டும்

ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எறும்புப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த மனைவி, ‘கிச்சனுக்கு வாங்க, டிக்கெட் இல்லாமலே காட்டறேன்’ என்றாள். பூச்சி வில்லனாக வரும் படங்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சபலம். முக்கால்வாசி குப்பை. ஏன் குப்பை என்பதில்தான் சுவாரஸ்யம்.

1954-ல் வந்த ‘தெம்!’ இந்த வகையறாவுக்குத் தாத்தா. நியூ மெக்சிகோவில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததன் விளைவாக எறும்புகள் ராட்சசத்தனமாக வளர்ந்துவிடுகின்றன. ஆரம்பம் அபாரம். பாலைவனத்தில் உடைந்த பொம்மையோடு பேச்சே இல்லாமல் நடந்து வரும் சிறுமி. சூறையாடப்பட்ட கடை, சர்க்கரைக்குத்தான் சேதம், பணத்தை யாரும் தொடவில்லை. வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் எறும்பு தரிசனம் தருகிறது. போச்சு! கோயில் வாகனம் மாதிரி ஆடி ஆடி வருகிறது.

நான் பி.காம். எனக்கே தெரிந்த கணக்கு இது. நீளம் 100 மடங்கானால் எடை 10 லட்சம் மடங்கு ஏறும். காலின் பலமோ 10,000 மடங்குதான். பாலன்ஸ் ஷீட் டேலி ஆகாது சார், எறும்பு நின்ற இடத்திலேயே மடங்கி விழும்.

சரி, பெரிதாக்காமல் கூட்டம் சேர்த்தால்? 1978-ல் இர்வின் ஆலன் ‘தி ஸ்வார்ம்’ எடுத்தார். லட்சக்கணக்கில் தேனீக்கள், கூடவே மைக்கேல் கெய்ன், ஹென்றி ஃபோண்டா. தேனீ கொட்டுவதைவிட இவர்கள் பேசிக் கொல்வது ஜாஸ்தி. கடைசியில், ‘அமெரிக்கத் தேனீ ரொம்ப உழைப்பாளி, இந்தப் படத்துத் தேனீ அது இல்லை’ என்ற பொருளில் கார்டு போட்டார்கள். தேனீயிடமே மன்னிப்பு!

உள்ளபடியே என்னைப் பயமுறுத்தியது 1974-ல் வந்த ‘ஃபேஸ் ஃபோர்’. ‘சைக்கோ’ டைட்டில்களை வடிவமைத்த சால் பாஸ் இயக்கிய ஒரே முழுநீளப் படம். இதில் எறும்பு நம்ம வீட்டு எறும்பு சைஸ்தான். அரிசோனா பாலைவனத்தில் இரண்டு விஞ்ஞானிகள் மஞ்சள் விஷத்தைப் பீய்ச்சுகிறார்கள். ஓர் எறும்பு விஷத்துணுக்கைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் நடக்கிறது. பாதி வழியில் சாகிறது. இன்னொன்று வாங்கிக்கொள்கிறது, அதுவும் சாகிறது. அடுத்தது வருகிறது. வசனம் கிடையாது. துணுக்கு ராணியிடம் போய்ச் சேர, ராணி அதைத் தின்று, அந்த விஷம் ஏறாத புதுத் தலைமுறையை ஈன்றெடுக்கிறது. கென் மிடில்ஹாமின் காமிரா நிஜ எறும்புகளை அவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறது. ராட்சச எறும்பை பீரங்கியால் சுடலாம். சாவைப் பொருட்படுத்தாதவனை என்ன செய்வது?

மனிதர்கள்தான் இதில் வீக். அந்தப் பெண் பாத்திரம் எதற்கென்று பாஸுக்கே தெரிந்திருக்குமா, சந்தேகம். படம் ஊத்திக்கொண்டது. பாரமவுண்ட் அவருடைய கிளைமாக்ஸை வெட்டித்தான் ரிலீஸ் செய்தது. 1996-ல் பாஸ் இறந்தார். வெட்டுப்பட்ட முடிவு லாஸ் ஏஞ்சல்ஸில் திரையேறியது 2012-ல்.

அதே வருஷம்தான் நம்ம ஊரில் ‘நான் ஈ’. ராஜமௌலி ஈயை யானையாக்கவில்லை. ஈ சைஸிலேயே விட்டு, ஒரு முழு ஆளைத் தூங்கவிடாமல் அடித்தார். சுதீப் காதுப் பக்கம் அந்த ரீங்காரம் கேட்டபோது தியேட்டரில் நானும் தன்னிச்சையாகக் கையை வீசினேன். பக்கத்து சீட்காரரின் பாப்கார்ன் போயிற்று.