வேலை தேடணும், கிடைச்சிடக் கூடாது

கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' (2016) பற்றிப் பேசுறவங்க உணவு வங்கிக் காட்சியைத்தான் முதலில் சொல்வாங்க. என்னை அதைவிட உறுத்தியது, டேனியலுக்கு வேலை கிடைக்கிற காட்சி.

நியூகாசில் தச்சர், 59 வயது, மாரடைப்பு வந்தவர். வேலைக்குப் போகாதீங்க என்கிறார் மருத்துவர். உழைக்கத் தகுதி இருக்கு என்கிறது அரசின் மதிப்பீடு. மேல்முறையீடு முடியும்வரை வயிற்றுப்பாட்டுக்கு வேலை தேடுவோர் உதவித்தொகைதான். அதற்கு வாரம் 35 மணி நேரம் வேலை தேடணும்; தேடியதை நிரூபிக்கவும் வேணும். மனுஷன் பென்சிலில் எழுதின பயோடேட்டாவோடு கடை கடையா ஏறி இறங்குறார். ஒருத்தர் நிஜமாவே வேலை தர்றேன்னு கூப்பிட்டுடறார்! மறுக்க வேண்டியதாப் போச்சு, திட்டும் வாங்கியாச்சு. அலுவலகத்தில் கேட்பதோ, நடந்து தேடினதுக்கு ஆதாரம் எங்கே?

குறை ஒண்ணு உண்டு. ஆன் என்கிற ஒரு பெண் அலுவலரைத் தவிர, அங்கே இருக்கிற மற்றவங்களை லோச் கல்நெஞ்சக்காரங்களாவே காட்டிடறார். இதனால் கோபம் ஆட்கள் மேலே போயிடுது, விதி தப்பிச்சுக்குது. இத்தனைக்கும், டேனியலுக்கு உதவப்போன ஆனையே மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டிக்கிறார். அந்தக் காட்சியை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்.