கடம்பூர் மாளிகையில் நின்றுவிட்ட வாசிப்பு

'பொன்னியின் செல்வன்' வாசித்தவர்கள் இருவர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடம்பூர் மாளிகையில்தான் போய் நிற்கும். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை அங்கே கொன்றது யார்? தஞ்சாவூரில் எழும் அதே கேள்வி கற்பிட்டித் தீபகற்பத்தின் குறிஞ்சிப்பிட்டியிலும் எழுகிறது. கல்கி 1950 அக்டோபரில் தம் வார இதழில் தொடங்கி 1954இல் முடித்த கதை இது. முடிந்து எழுபது ஆண்டுகளாகியும் வழக்கு முடியவில்லை. பழுவூர் ராணி நந்தினி என்பார் ஒருவர், சதிகாரன் ரவிதாஸன் என்பார் மற்றவர், கரிகாலன் தானே முடித்துக்கொண்டான் என்பார் இன்னொருவர். பதில் கிடைக்காத கோபத்தில் நாவலையே குறைத்து மதிப்பவர்களும் உண்டு. பதில் இல்லாததே அதன் மேன்மை என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. எதிரெதிராகத் தோன்றும் இந்த இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. இரண்டுமே நாவலை அந்த ஓர் இரவை வைத்துத்தான் எடைபோடுகின்றன. அந்த எடைக்கல் நமக்கு ஏராளமாகத் தந்திருக்கிறது. ஆனால் நாவலின் உண்மையான புதிரையும் உண்மையான குறைகளையும் சேர்த்தே அது மறைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

தந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். வாராவாரம் தொடராக வந்த கதை, வாசகரை ஏழு நாட்கள் ஊகத்தில் வைத்திருந்தது. அந்த ஊகத்தை வீட்டிலும் வாசிகசாலையிலும் பகிர்ந்துகொள்ள வைத்தது. இதழின் தாள்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்து வைத்த குடும்பங்கள் இரு கரைகளிலும் இருந்தன. தென்னிந்திய இதழ்களின் வருகை 1970களின் தொடக்கத்தில் கட்டுப்படுத்தப்படும் வரை, இலங்கைத் தமிழ் வாசகர் அந்த ஊகத்தில் முழுப் பங்காளியாகவே இருந்தார். கதை சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் மனக்குறைப்பட்டதும், அதற்குப் பதிலாகக் கல்கி ஒரு முடிவுரை எழுதி யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று விளக்கியதும் தமிழ் வாசக அபிப்பிராயத்தின் வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி. வாசகர் கேட்டார், ஆசிரியர் பதில் சொல்லக் கடமைப்பட்டதாக உணர்ந்தார். அதற்கும் மேலாக, இந்தக் கேள்வி சாதாரண வாசகரைக் கல்வெட்டு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினரின் உடைமைகள் மீதான நடவடிக்கையைப் பதிவுசெய்திருக்கிறது. ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்கு இக்கொலையில் பங்கிருக்க வேண்டும் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஊகித்ததையும், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்ததையும் வரலாற்றுப் பாடம் படிக்காதவர்களும் இன்று விவாதிக்கிறார்கள் என்றால், அந்தப் பெருமை ஒரு தொடர்கதையைச் சேரும். ஒரு சமூகம் தன் கோயில் சுவர்களை வாசிக்கக் கற்றுக்கொண்டதைச் சிறிய பயனாக நான் எண்ணவில்லை.

ஆனால் அந்தக் கல்வெட்டே ஒரு சங்கடத்தையும் உண்டாக்குகிறது. கல்கியின் மௌனத்துக்கு வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம், வரலாறே பதில் சொல்லாதபோது கதாசிரியர் எப்படிச் சொல்வார் என்பது. இது நிற்காது. வரலாறு பெயர்களைத் தந்திருக்கிறது. ரவிதாஸனையும் சோமனையும் கல்கி கல்வெட்டிலிருந்தே எடுத்து, பாண்டிய மன்னனின் மெய்க்காவலரான ஆபத்துதவிகளாக்கி, கதை நெடுகச் சதி செய்ய விட்டிருக்கிறார். அவர்களில் ஒருவன் குத்தினான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் வரலாற்றுக்கும் பழுதில்லை, வாசகருக்கும் மனக்குறையில்லை. அந்த வரியை எழுதாமல் விட்டது அவரே செய்த முடிவு. விளக்கு அணைகிறது, கதைநாயகன் வந்தியத்தேவனின் கழுத்தை யாரோ நெரிக்கிறார்கள், கடம்பூர் இளவரசி மணிமேகலை மறைந்திருக்கிறாள், நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் மாறுவேடத்தில் வந்திருக்கிறார், இருட்டுக்குப் பின் இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பங்கு இருக்கும்படி காட்சியை அடுக்கிவிட்டு, கத்தி பிடித்த கையை மட்டும் இருளில் விட்டுவிட்டார். இப்படிச் செய்த ஓர் எழுத்தாளர் 'யார்' என்ற கேள்வியை நாவலின் மையத்தில் வைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அப்படியானால் மையம் எது?

நந்தினி யார் என்பதுதான் அந்த மையம் என்று வாதிடுகிறேன். அவள் யார் மகள்? கரிகாலன் கொன்ற பாண்டிய மன்னன் வீரபாண்டியன் அவளுக்குக் காதலனா, தகப்பனா? கரிகாலனின் தந்தை சுந்தர சோழர் அவளைக் கண்டு ஏன் நடுங்குகிறார்? அவர் முன்பு நேசித்த ஊமை ராணியின் சாயல் அவள் முகத்தில் எப்படி வந்தது? இந்தக் கேள்விகள் முதல் பாகத்திலேயே விதைக்கப்பட்டு ஐந்து பாகங்கள் முழுவதும் நம் நம்பிக்கையைத் திரும்பத் திரும்ப மாற்றுகின்றன. காதலும் மர்மமும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்வது இங்கேதான். இளமையில் தான் நேசித்த பெண், தன் கண் முன்னே கெஞ்சியும் கேளாமல் தான் கொன்றவனுக்காகப் பழி தீர்க்கக் காத்திருக்கிறாள் என்பது கரிகாலனுக்குத் தெரியும். அவள் தன் தங்கையாக இருக்கலாம் என்ற செய்தி வந்து சேரும்போது, அவன் நேசித்த நேசமே அவனுக்கு அருவருப்பாகிறது. கடம்பூருக்கு அவன் போவது விசாரணைக்காகவோ அரசியலுக்காகவோ அல்ல. தன் நெஞ்சில் கிடக்கும் இந்த முடிச்சை அவிழ்க்க அவளால் மட்டுமே முடியும் என்பதற்காக. அந்த மனநிலையோடு உள்ளே நுழைந்தவனுக்கு எந்தக் கை சாவைத் தந்தது என்பது, அவன் பார்வையிலேயே, பின்னுக்குப் போய்விட்ட விஷயம். கொலையாளியைத் தேடி அந்த அத்தியாயங்களை வாசிக்கிறவர் கதவுகளையும் திரைகளையும் கத்தியின் இருப்பிடத்தையும் கவனிக்கிறார். கரிகாலனும் நந்தினியும் கதைப்பதைக் கவனிக்கத் தவறுகிறார்.

பிறப்பு மர்மத்தைக் காதல் கதையின் முதுகெலும்பாக வைப்பது ஈழத்து வாசகருக்குப் புதியதல்ல. கண்டியில் சட்டத்தொழில் செய்து 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்திய சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திரம்' எகிப்தில் களவு போன ஒரு குழந்தையின் கதை. அவன் யார் மகன் என்ற இரகசியமே அந்தக் கதையை இழுத்துச் செல்கிறது. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று அதைப் போற்றுகிறோம். ஆனால் அந்தப் பேச்சும் 'முதல்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது, இரகசியத்தை அது எப்படிக் காத்தது, எங்கே நழுவவிட்டது என்று யாரும் மெனக்கெட்டுப் பார்ப்பதில்லை. ஒரு நாவலைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு திருப்தியடையும் வழக்கம் நம்மிடம் பழையது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நந்தினியே மையம் என்ற என் வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. மர்மத்தைக் காட்டி வாசகரை மூன்றரை ஆண்டுகள் இழுத்துப்போன எழுத்தாளர், மூன்றாம் பாகத்துக்குக் 'கொலை வாள்' என்றே பெயர் வைத்தவர், கடைசியில் விடை சொல்லாமல் போவது நம்பிக்கை மோசம் இல்லையா? ஆங்கிலத்தில் 1810களின் மேட்டுக்குடி வாழ்க்கையை வைத்துக் காதல் கதைகள் எழுதிய ஜார்ஜெட் ஹேயர் துப்பறியும் நாவல்களையும் தனியே எழுதினார். அத்தகைய கதைகளின் வாசகர் கடைசிப் பக்கத்தில் கல்யாணத்தையும் குற்றவாளியையும் எதிர்பார்ப்பது நியாயம். அந்த உடன்படிக்கையின் பேரில்தான் அவர் நூலைக் கையில் எடுக்கிறார். ஆனால் அந்த 1810களிலேயே வாழ்ந்து எழுதிய ஜேன் ஆஸ்டின், 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' நாவலில், மர்மக் கதைகளை வாசித்து வாசித்து எங்கும் கொலையைத் தேடும் ஒரு பெண்ணைப் படைத்தார். விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரர் தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்று அவள் சந்தேகிக்கிறாள். அவர் கொல்லவில்லை. அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிற கொடுமையைத்தான் செய்கிறார். இல்லாத கொலையைத் தேடியவள் கண்ணுக்கு எதிரே இருந்த ஈரமின்மையைக் காணவில்லை. 'பொன்னியின் செல்வ'னில் கொலை உண்மையில் நடக்கிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் வாசிப்பின் பிழை ஒன்றேதான். கல்கி தம் வாசகரோடு செய்துகொண்ட உடன்படிக்கை நந்தினியின் பிறப்பைப் பற்றியது; அதை அவர் பெரும்பாலும் நிறைவேற்றியே இருக்கிறார். இளவரசி குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் நடந்த கல்யாணத்தைக்கூட முடிவுரையில் ஒரு தகவலாகத்தான் சொல்கிறார் என்பதை நினைத்தால், கல்யாணமும் குற்றவாளியுமாக முடிகிற கதையை அவர் எழுத எண்ணவே இல்லை என்பது தெளிவாகும்.

அதற்காக அவருக்கு முழு விடுதலை தர நான் தயாரில்லை. கொலை நடக்கும் இரவு வரை தாங்கி நின்ற கட்டுமானம் அதற்குப் பிறகு தளர்கிறது. மணிமேகலை நான் கொன்றேன் என்கிறாள். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம் தலையில் போட்டுக்கொள்கிறார். குற்றமற்ற வந்தியத்தேவன் சிறையில் கிடக்கிறான். ஒரு வாக்குமூலம் நம்மை உலுக்கும். அடுக்கடுக்காக வரும்போது அவை வாசகரை வார இறுதி வரை பிடித்துவைக்கும் உத்தியாகவே தெரிகின்றன. இடைவழிகளில் ஒட்டுக்கேட்பதும், வேண்டிய இடத்தில் ஒற்றன் ஆழ்வார்க்கடியான் முளைப்பதும், மாறிப்போன குழந்தைகளும் அளவுக்கு மிஞ்சியவை. சேந்தன் அமுதனே உண்மையான சோழ இளவரசன் மதுராந்தகன் என்ற திருப்பம், பூக்காரனாக வளர்ந்தவனின் பணிவை அரியணையில் ஏற்றும் அழகிய எண்ணம்தான். ஆயினும் தற்செயல்களின் எண்ணிக்கையால் அது மெலிந்துவிட்டது. மணிரத்னத்தின் திரைப்படம் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்தபோது அந்தக் குழந்தை மாற்றத்தையே விட்டுவிட்டது. கரிகாலன் சாவுக்குத் தன் வழியில் ஒரு பதிலையும் காட்டியது. பதில் கிடைத்த பிறகாவது வாசகர் மனக்குறை தீர்ந்ததா என்றால் இல்லை. விட்டுப்போன மனிதர்களைத்தான் அவர்கள் தேடினார்கள். தங்களைக் கட்டிப்போட்டது கொலையாளியின் பெயர் மட்டும் அல்ல என்று அவர்களே தங்களை அறியாமல் ஒப்புக்கொண்ட தருணம் அது.

திரையில் வராமல் போனவர்களில் மணிமேகலையும் ஒருத்தி. நாவலின் கடைசி அத்தியாயத்தில் உயிர் விடுகிறவள் அவள். கல்கி மன்னனின் முடிசூட்டோடு முடிக்கவில்லை. தன்னை விரும்பாத ஒருவனை விரும்பி, அவனைக் காக்கச் செய்யாத கொலையை ஏற்று, சித்தம் கலங்கிப்போன ஒரு பெண்ணின் சாவோடு முடிக்கிறார். ஐந்து பாக நாவலின் கடைசிச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. சந்தேகத்துக்குரியோர் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே நாம் அவளை வைத்திருப்பது, இந்த வாசிப்பு வழக்கம் செய்த அநியாயங்களில் பெரியது. தொடர்ச்சிக் கதைகள் எழுதியவர்களும், விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' போல, மிச்சமிருந்த அரசியல் முடிச்சுகளையே பிடித்துக்கொண்டார்கள்.

இலங்கை வாசகருக்கு இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. அதையும் கடம்பூர் விழுங்கிவிட்டது. இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி நம் நாட்டில் நடக்கிறது. மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம் எல்லாம் வருகின்றன. கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மன் இடிந்த விகாரைகளைப் புதுப்பிக்கிறான், பிக்குகள் தரும் முடியை மறுக்கிறான். ஆனால் ராஜராஜனான அதே அருள்மொழியின் ஆட்சியில்தான் அநுராதபுரம் வீழ்ந்தது. அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், 1017 அளவில், ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டதையும், சோழப்படை தாது அறைகளை உடைத்து விகாரைகளைக் கொள்ளையிட்டதையும் சூளவம்சம் சொல்கிறது. நாவல் நடப்பது அதற்கு முன்னைய காலத்தில், அதனால் ஆசிரியருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்று ஒருவர் சொல்லலாம். சுதந்திரம் உண்டுதான். பின்னால் நடந்தது தெரிந்த வாசகருக்கு அந்த விகாரைத் திருப்பணிக் காட்சிகள் எப்படி ஒலிக்கின்றன என்று கேட்கும் உரிமையும் அதற்குச் சமமாக உண்டு. ஈழத்து முற்போக்கு விமர்சகர்கள் மன்னர் புகழ் பாடும் கதைகள் மீது கொண்ட ஐயம் இந்த உரிமையின் ஒரு பகுதிதான். ஆனால் அந்த ஐயம் நாவலுக்குள் புகுந்து காட்சி காட்சியாகப் பார்க்காமல் வாசலிலேயே நின்றுவிட்டது.

இப்படிக் கேட்கவேண்டியவை ஏராளம். கோடிக்கரைப் பூங்குழலி இரவில் படகு வலித்து வந்தியத்தேவனை இக்கரை சேர்க்கிறாள். கதை தொடங்குவதோ ஆடிப்பெருக்கன்று. கச்சானையும் வாடையையும் பார்த்துத் தொழிலுக்குப் போகிற குறிஞ்சிப்பிட்டிக் கடற்கரை வாசகர், அந்தக் கடலும் அந்தப் புயலும் எந்தக் காற்றுக் காலத்துக்குரியவை என்று விசாரித்தால், கடம்பூர் அறையின் இருட்டில் யார் நின்றார்கள் என்று விசாரிப்பதைவிடப் புதிதாக ஏதாவது கிடைக்கும். அந்த வகை அபிப்பிராயம் எழுத்தில் அனேகமாக இல்லை. அதைச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் இந்தக் கரையில் நிறைய இருக்கிறார்கள்.