மகஜர் எழுதாத போலீஸ்

சுழல், விலங்கு, வதந்தி. 2022-இல் வந்த இந்த மூன்று தமிழ்த் தொடர்களிலும் முடிச்சை அவிழ்க்கும் நாயகன் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டு வழக்கப்படி எஸ்.ஐ. முதல் தகவல் அறிக்கையைப் பதிவார். கொலை வழக்கைப் புலனாய்வது இன்ஸ்பெக்டர். சுழலில் இன்ஸ்பெக்டரும் இருக்கிறார். ஆனால் காணாமற்போன பெண்ணோடு சேர்த்துத் தேடப்படுகிறவன் அவருடைய சொந்த மகன். அப்படியும் வழக்கு அவர் கையை விட்டுப் போவதில்லை. ஓடைப்பட்டி டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒருவர், "கதைதானண்ணே, அதுல போயி சட்டம் பேசிக்கிட்டு" என்றார்.

நியாயம்தான். தோள்பட்டை நட்சத்திரத்தையும் ஒரே ராத்திரியில் வந்துவிடும் தடயவியல் அறிக்கையையும் எண்ணிக்கொண்டிருப்பது விமர்சனமாகாது. என் எரிச்சல் வேறிடத்தில். இந்தக் கதையாடல்களில் காகிதத்துக்கு வேலையே இல்லை.

கிராமத்தில் ஒரு கொலை விழுந்தால் பார்வை மகஜர் எழுத வேண்டும், வரைபடம் போட வேண்டும், பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்த வேண்டும். பிறகு கைது. வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் சாட்சியாக வைத்து வாக்குமூலம். அதன்பேரில் புதரிலிருந்து அரிவாள். கொலை வழக்குத் தீர்ப்புகளில் பத்தை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஊரும் பேரும் மாறும், வாசகம் மாறாது. சில வழக்குகளில் கொலை செய்தவன் தானாகவே வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடந்து வந்து, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறான். நீதிமன்றங்களே பல தடவை நம்ப மறுத்த காட்சி இது.

ஏன் வி.ஏ.ஓ.? போலீசிடம் ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது. 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை ஆணையம், வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நடந்த கொடுமைகளை அறிக்கையாக்கியது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அந்த அவநம்பிக்கையை எழுதி வைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அது 23-ஆம் பிரிவாக நிற்கிறது. சொன்னதன் பேரில் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ஆகவே அரிவாள் கிடைத்தே ஆக வேண்டும்!

போலீஸ் தொடரின் இலக்கணம் இதற்கு நேர்எதிர். பூட்டிய அறை, அடி, வாக்குமூலம். உடனே பின்னோக்குக் காட்சி. சட்டம் சந்தேகிக்கும் அதே வாக்குமூலத்துக்கு கேமரா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. பார்ப்பவருக்கு அடியும் உண்மையும் ஒன்றாகிவிடுகின்றன. கையில் மாவுக்கட்டோடு ஒருவனைக் காட்டி, கழிப்பறையில் வழுக்கி விழுந்தான் என்று செய்தி வரும்போது நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புக்கான பயிற்சி இங்கேதான் நடக்கிறது.

சாத்தான்குளம் ஜெயராஜும் பென்னிக்சும் 2020 ஜூனில் செத்துப்போனார்கள். அவர்கள் தரையில் புரண்டதால் உள்காயம் ஏற்பட்டதாக முதல் தகவல் அறிக்கை எழுதியிருந்தது. அதுவும் ஒரு பிரதிதான். அதை உடைத்தது எந்த எஸ்.ஐ.யின் மூளையும் அல்ல; மாஜிஸ்திரேட்டிடம் ஒரு பெண் தலைமைக் காவலர் கொடுத்த சாட்சியம். தடயங்கள் அழியாதிருக்க, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் பொறுப்பில் விட்டது. மகஜரில் கையெழுத்துப் போடுகிற வி.ஏ.ஓ.வின் அதே வருவாய்த்துறை!

நிஜ ஸ்டேஷனில் கதை எழுதும் ஆள் ரைட்டர். ராத்திரியில் எந்த வார்த்தையைப் போடுவது, எந்த நேரத்தைக் குறிப்பது என்று அவர் தயங்கும் மேசைக்குப் பக்கத்தில் 2021-இல் வந்த 'ரைட்டர்' படம் கொஞ்சம் போனது. தொடர்காரர்கள் இன்னும் அந்த நாற்காலியை இழுத்துப் போடவில்லை.