எப்போ வரலாம் மெட்ராஸுக்கு?

சென்னையைப் பற்றிய பயணக் கையேடு எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். ஆரம்பத்திலேயே ஒரு கட்டம் கட்டியிருப்பார்கள். வருவதற்கு ஏற்ற காலம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று எச்சரிக்கை வேறு. எந்தச் சென்னைக்கு என்று மட்டும் போடுவதில்லை.

மயிலாப்பூருக்கு அது சரிதான். மார்கழிக் கச்சேரி, சபா கேன்டீன் டிபன், வியர்வை இல்லாத சாயங்காலம். அதே புத்தகத்தோடு ராயபுரம் தாண்டி வடக்கே போங்கள். கட்டத்துக்குள் இருக்கிற மாதமெல்லாம் பல்லிளிக்கும்.

நவம்பரையே எடுத்துக்குவோம். சென்னையில் வருஷத்துக்குப் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். உச்சம் நவம்பர். கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. மேலே யார் எதைக் கொட்டினாலும் இங்கே வந்துதான் ஆகணும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்தது, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய். படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடாப் பறவை எல்லாம் கறுப்பு. மீனவர்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். அதே மாதம் 26-ம் தேதி, சுனாமி நினைவு நாள். காலையில் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்த ஜனங்கள் இருக்கும் கடற்கரை அது. அன்று ராத்திரி பெரியகுப்பம் அருகே, உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

ஜனவரி தேவலையா? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையெல்லாம் எண்ணெய். அப்போதும் பக்கெட்தான்!

'கப்பல் மோதியதற்கு மாதம் என்னய்யா பண்ணும்?' என்று நீங்கள் கேட்பது நியாயம். கப்பல் எந்த மாதத்திலும் மோதும், குழாய் எந்த மாதத்திலும் வெடிக்கும். ஆனால் வெள்ளம் மாதம் பார்த்துத்தான் வரும். குளிர் மாத ராத்திரிகளில் புகை மேலே எழும்பாமல் தரையோடு படுத்துக்கொள்வதும் மாதம் பார்த்துத்தான். போகி விடியலில் ஊரே இருமுவது அதனால்தான். கையேடு வெப்பமானியை மட்டும் பார்க்கிறது. வந்து போகிறவருக்கு வியர்க்குமா என்பது ஒன்றுதான் அதன் கவலை.

சரி, அது திட்டுகிற மே மாதம்? நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளந்த டிகிரியைத்தான் நாம் சென்னை வெயில் என்கிறோம். மீனம்பாக்கத்துக்குப் போவதற்கு முன்பே கடல்காற்று ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளுக்குள் வந்துவிடும். கத்திரி வெயிலிலும் மத்தியானத்துக்கு மேல் வாசலில் உட்கார முடிவது அந்தப் புண்ணியத்தில். காற்று மேற்கிலிருந்து அடிக்கிற ராத்திரிகளில் மணலி வாசம் திருவொற்றியூருக்கு வரும். கடல்காற்று எழுந்தால்தான் நிம்மதி. இங்கே நல்ல நேரம் என்பது காலண்டரில் இல்லை, காற்றில் இருக்கிறது.

மே மாதத்தைத் தவிர்க்கச் சொல்ல காசிமேட்டுக்காரர்களுக்கு வேறு காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். சின்னப் படகுகள் கொண்டுவருகிற கொஞ்சநஞ்ச மீனுக்கு யானை விலை. அரசு கொடுக்கிற நிவாரணத்தை வைத்து ஒரு குடும்பம் இரண்டு மாதம் ஓட்ட வேண்டும். சுற்றுலா சீசன், ஆஃப் சீசன் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். இவர்களுக்கு ஆஃப் சீசன் என்றால் அடுப்பு.

மீன் ஆசையோடு வருகிறவர்கள் ஜூன் கடைசியில் வாருங்கள். மாதத்தைவிட மணி முக்கியம். ஏலம் இருட்டிலேயே ஆரம்பித்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து, காபி குடித்துவிட்டு வந்தால் ஐஸ் தண்ணீரும் செதிலும்தான் பார்க்கலாம். அப்படியே 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தையும் எட்டிப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அதற்கு எந்த மாதமும் ஓகே.

கையேட்டின் கட்டத்துக்குள்ளேயே வரத்தான் லீவு கிடைக்கும் என்றால், கார்த்திகைப் பௌர்ணமிக்கு வாருங்கள். திருவொற்றியூரில் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் ஆதிபுரீஸ்வரரை, அன்று தொடங்கி மூன்று நாள் மட்டும்தான் கவசம் இல்லாமல் பார்க்க முடியும். 2021-லிருந்து மெட்ரோ ரயில் திருவொற்றியூர் வரை வருகிறது. மழை இருக்கும், குடை அவசியம். தரிசனம் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து எண்ணூர் வரை போய், மழைத் தண்ணீர் கடலில் சேரும் இடத்தில் அது என்ன நிறத்தில் இருக்கிறதென்று பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.